நடுகல் பெறாத மறவன்: ரந்தாவ் தோட்டத்து இளைஞனும் நம் போர்க்கால நாவல்களும்

முன்னுரை

மலேசியத் தமிழிலக்கியத்தில் ஜப்பானியர் ஆட்சிக்காலம் மீண்டும் மீண்டும் எழுதப்பெற்று வந்துள்ள பொருளாகும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது முதல் 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தது வரையிலான அக்காலம், தோட்டப்புறத் தமிழரின் நினைவில் ஆறாத வடுவாக நிலைத்துவிட்டது. அவ்வடுவை எழுத முனைந்த நம் படைப்பாளர்கள் இருவகை மாந்தரை முன்னிறுத்தினர். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தொழிலாளி ஒருவன். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த வீரன் மற்றொருவன்.

இவ்விருவருள் முன்னவனுக்காக நம் இலக்கியம் மனமுருகி அழுதிருக்கிறது. பின்னவனை அது வாயாரப் புகழ்ந்திருக்கிறது. ஆனால் அவனை அது அறிந்திருக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும். புகழப்படுவதும் அறியப்படுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதற்கு ரந்தாவ் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்குத் தெற்கே அமைந்த இச்சிற்றூரைச் சூழ்ந்து லின்சம், சிலியாவ் முதலான தோட்டங்கள் இருந்தன. இத்தகைய தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, பதினெட்டு அல்லது இருபது வயதில் துப்பாக்கி ஏந்தி, பர்மாவில் மடிந்த ஓர் இளைஞனை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். அவனுக்கு நாம் பெயர் சூட்டவில்லை. பெயரின்மையே அவனைப் பற்றிய முதற்செய்தி என்பதே அதற்குக் காரணம்.

புறத்திணை மரபு தரும் அளவுகோல்

போரில் மடிந்த இளைஞனைப் பாடுவதில் தமிழுக்கு நெடிய மரபுண்டு. நடுகல் அமைக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிநிலைகளாக வகுக்கிறது. இவ்வரிசையில் வாழ்த்து இறுதியாக நிற்பது கருதத்தக்கது. கல்லைத் தேர்ந்து, நாள் பார்த்து, நீராட்டி, நட்டு, படையலிட்ட பின்னரே வாழ்த்து வருகிறது. புகழுரை தொடக்கமன்று, அது பல செயல்களின் முடிவு என்பது இதன் உட்பொருளாகும்.

2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் இம்மரபின் தொன்மையை உறுதிசெய்தன. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மடிந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் நிகழ்ச்சியையும் மிகச் சில சொற்களில் பதிவு செய்துள்ளது. அவன் மன்னனல்லன், படைத்தலைவன் என்பதற்கும் அங்குச் சான்றில்லை. ஊரின் மாட்டுக்காக உயிர்விட்ட சிற்றூர் வீரன் அவன். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மடிந்த அவனுடைய பெயரும் ஊரும் நமக்குத் தெரியும். எண்பது ஆண்டுகளுக்கு முன் மடிந்த தோட்டத்து இளைஞனின் பெயரைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய மூதாட்டியையும் இங்கு நினைவுகூரலாம். மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்ட அவள், தானே போர்க்களத்திற்குச் சென்று, கிடந்த உடல்களைப் புரட்டி மகனைத் தேடுகிறாள். சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். இப்பாடலை வகுப்பறையில் நாம் வீரத்தாயின் பெருமிதத்திற்குச் சான்றாகவே கற்பிக்கிறோம். அதில் பொதிந்துள்ள மற்றோர் உண்மையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அத்தாயால் களத்திற்கு நடந்து செல்ல முடிந்தது. உடலைத் தொட முடிந்தது. கேட்ட செய்தி பொய்யென்று தன் கண்ணாலேயே உறுதிசெய்ய முடிந்தது. ரந்தாவ் தோட்டத்துத் தாய்க்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை. ஐராவதி ஆறு எங்கே ஓடுகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகவே புறத்திணை மரபிலிருந்து நாம் பெறும் அளவுகோல் இதுவாகும்: மடிந்தவன் யார், எவ்வூரான், எதன்பொருட்டுச் சென்றான், எவ்வாறு இறந்தான் என்பவற்றைச் சொன்ன பிறகே ஒரு படைப்பு அவனை வாழ்த்தும் உரிமையைப் பெறுகிறது.

லயத்திலிருந்து முகாமுக்கு

இவ்விளைஞன் எதன்பொருட்டுச் சென்றான்? தாய்நாட்டுப் பற்று என்பதே நமக்குப் பழகிப்போன விடை. அவ்விடை பொய்யன்று, ஆயின் முழுமையானதும் அன்று.

போர் மூண்டதும் தோட்டத் துரைமார்கள் வெளியேறினர். ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்வெட்டு வேலையும் கூலியும் குலைந்தன. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போயிற்று. மரவள்ளிக்கிழங்கு அன்றாட உணவாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரத் தாள் காசு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. இவற்றுக்கிடையே சயாம் ரயில் பாதைக்கு ஆள் திரட்டல் தொடங்கியது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இந்நிலையில் 1943 ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தடைந்த போஸ், பொதுமக்களையும் படையில் சேர அழைத்தார். அவ்வழைப்பை ஏற்றோருக்குச் சீருடையும் உணவும் கிடைத்தன. ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பும் வழியும் ஓரளவு பிறந்தது.

இவற்றைச் சுட்டுவது வீரனைச் சிறுமைப்படுத்துவதாகாதா எனச் சிலர் வினவலாம். வயிற்றுக்காகச் சேர்ந்தவனை வீரனென்று கொண்டாடலாமா என்னும் தயக்கம் நம் விமரிசனத்தில் உண்டு. இத்தயக்கம் நம் மரபுக்கே அயலானது என்பது நம் கருத்து. செஞ்சோற்றுக் கடன் என்னும் கருத்தாக்கம் பண்டைத் தமிழ் வீரத்தின் அடிப்படைகளுள் ஒன்று. சோறிட்டவனுக்காக உயிர் கொடுப்பதை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. சோற்றுக்கும் வீரத்துக்கும் இடையே சுவர் எழுப்பியது பிற்காலத் தேசியச் சொல்லாட்சியே ஆகும்.

பசியோடு மானமும் சேர்ந்திருந்தது. 1941இல் சிலாங்கூரில் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தினர் நடத்திய வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்று, துரைமார் எதிரே வரும்போது தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதாகும். அவ்வேலைநிறுத்தம் படை கொண்டு அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். மிதிவண்டியிலிருந்து இறங்கப் பணிக்கப்பட்ட ஒருவன், இரண்டே ஆண்டுகளில் அணிவகுப்பில் நிமிர்ந்து நடந்தான். இந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரு மனிதனுக்குள் நிகழ்ந்த மாற்றமே தோட்டத்து வீரனின் உண்மையான கதையாகும். இந்தியாவை ஒருமுறையும் கண்டிராதவனாகக்கூட அவன் இருந்திருக்கலாம். அவன் விடுவிக்க விரும்பிய நாடு எது என்னும் வினாவுக்கு வரைபடத்தில் மட்டும் விடை தேடுதல் இயலாது.

சிங்காரத்தின் இரு நாவல்கள்

இந்திய தேசிய இராணுவ வீரனைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தோருள் ப. சிங்காரம் (1920–1997) தலையாயவர். சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மெடானுக்குச் சென்று, போர்க்காலத்தைத் தென்கிழக்காசியாவில் கழித்தவர் அவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூல்வடிவம் பெற்றன.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா, பினாங்கு வட்டிக்கடைச் சூழலிலிருந்து படைக்குச் சென்று திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் வட்டித் தொழிலுக்கு உதவமாட்டான் என்னும் எண்ணம் முதலாளியைத் தடுக்கிறது. படைக்குச் சென்றதால் ஒருவன் தன் சமூகத்தில் எதை இழக்கிறான் என்பதை இந்நாவல் புகழுரை ஏதுமின்றிக் காட்டுகிறது. ‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்திலும், பின்னர் இந்தோனேசிய விடுதலைப் போரிலும் ஈடுபட்டு மடிகிறான். அவனுடைய நினைவில் சின்னமங்கலம் என்னும் சிற்றூர் ஓயாது திரும்பி வருகிறது. சாகும் வீரனுக்கு ஊர் உண்டு, தெரு உண்டு, கேலியும் ஐயமும் உண்டு என்பதைச் சிங்காரம் மறக்கவில்லை. நாம் மேலே சுட்டிய அளவுகோலின்படி, பாண்டியன் நடுகல் பெற்ற வீரன் என்றே கூறலாம்.

எனினும் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். செல்லையா, பாண்டியன் ஆகிய இருவரும் வணிக உலகத்தவர். கணக்கெழுதத் தெரிந்த, தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கடல்கடந்து வந்த, திரும்பிச் செல்லக்கூடிய ஊர் உடையவர். தோட்டத்து இளைஞனின் நிலை வேறு. அவனுக்கு லயமே ஊர். பெற்றோர் சொன்ன இந்திய ஊர் செவிவழிச் செய்தி. சிங்காரத்தின் கண் கடைத்தெருவை நுணுகிக் கண்டது. பால்காட்டை அவ்வாறு காணவில்லை. இது அவருடைய குறையன்று. அவர் வாழ்ந்த இடம் அது. பால்காட்டைக் காண வேண்டிய பொறுப்பு மலேசிய எழுத்தாளருக்கே உரியதாகும்.

தியாகம் என்னும் சொல்

அப்பொறுப்பை ஏற்றவருள் அ. ரெங்கசாமி குறிப்பிடத்தக்கவர். ஜப்பானியர் காலத்தைச் சிறுவனாக இருந்து கண்ட அவர், சயாம் ரயில் பாதையை ‘நினைவுச்சின்னம்’ (2005) என்னும் நாவலிலும், இந்திய தேசிய இராணுவத்தை ‘இமயத் தியாகம்’ (2006) என்னும் நாவலிலும் மையப்பொருளாக்கினார். வரலாற்றுச் செய்திகளை உழைத்துத் தொகுத்து, மறதியிலிருந்து மீட்டுத் தந்த பணிக்காக நம் நாவல் வரலாறு அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

ஆயினும் இத்தலைப்புகளை அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ரயில் பாதையில் இறந்தவருக்கு இனிமேல்தான் சின்னம் எழுப்ப வேண்டும் என்பதைப் போல் ஒரு தலைப்பு நிற்கிறது. படையில் இறந்தவருக்கான தலைப்போ தீர்ப்பை முன்கூட்டியே வழங்கிவிடுகிறது: அது தியாகம், அதுவும் இமயம் போன்ற தியாகம். தொல்காப்பியம் இறுதியில் வைத்த வாழ்த்து இங்கே நூலின் முகப்புக்கு வந்துவிட்டது. இது ஒரு நாவலாசிரியரின் தனிப்பட்ட தேர்வு மட்டுமன்று; விழா மேடைகளிலும் பாடநூல்களிலும் நாம் அனைவரும் மேற்கொண்டுள்ள போக்கும் இதுவேயாகும்.

இச்சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. 1945 ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியா வீரர்க்கு நினைவுச்சின்னம் எழுப்ப போஸ் அடிக்கல் நாட்டினார். அதில் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் மூன்று இந்துஸ்தானிச் சொற்கள் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். 1995இல் அவ்விடத்தில் அடையாளப் பலகை வைக்கப்பட்டது. தகர்க்கப்படாமல் நின்றிருந்தாலும் அக்கல்லில் ரந்தாவ் இளைஞனின் பெயர் இருந்திருக்காது. பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பண்புச்சொல் நின்றது. அச்சொல்லும் அவன் தாய்மொழியில் இல்லை. படையில் ஆணைகளும் அணிவகுப்புப் பாடல்களும் இந்துஸ்தானியிலேயே அமைந்தன. தமிழ் வீரன் அவற்றைப் பயின்று பின்பற்றினான். புறநானூற்று வீரன் தன் தாய்மொழியில் பாடப்பட்டான். இவன் பிறமொழியில் போற்றப்பட்டான். புகழ்ச்சொல் ஒன்றை மொழிபெயர்த்து அவன்மீது சூட்டுவதோடு நம் நாவல்களும் நின்றுவிடுமானால், தகர்ந்துபோன அக்கல்லை மீண்டும் நட்டதாக மட்டுமே அது அமையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரயில் பாதை ஒரு நாவலுக்கும் படை மற்றொரு நாவலுக்கும் மையப்பொருளாகப் பிரிந்து நிற்கின்றன. லயத்தில் இப்பிரிவினை இருந்திருக்க முடியாது. சுவரொன்றே இடையே நிற்கும் இரு வீடுகளில் ஒருவீட்டார் சயாமுக்குப் போனவரை எண்ணி அழுதிருக்க, அடுத்த வீட்டார் முகாமுக்குப் போனவனை எண்ணிக் காத்திருந்திருக்கலாம். ஒரே வீட்டிலும் இரண்டும் நிகழ்ந்திருக்கலாம். தந்தையைப் பிடித்துச் சென்ற அதே ஜப்பானியரின் நேசப்படையில் மகன் நின்றான் என்பது அக்காலத்தின் தீராத முரண். அம்முரணை ஒரே கதைக்குள் ஏற்று நிற்கும் நாவல், நேதாஜியின் பெருமையைக் குறைக்காது. அவரை நம்பிச் சென்றவனின் மனச்சுமையை நமக்குக் காட்டும்.

எழுதப்பட வேண்டிய சாவு

தோட்டத்து வீரன் எவ்வாறு இறந்தான் என்பதிலும் நம் பொதுநினைவு இம்பால் என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்த அப்போரில் ஈடுபட்ட முதல் டிவிஷனில் பெரும்பாலோர் ஆங்கிலேயரின் இந்தியப் படையிலிருந்து வந்த பழைய சிப்பாய்கள். மலாயாவில் புதிதாகச் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் பின்னர் அமைந்த பிரிவுகளிலேயே மிகுதியாக இருந்தனர். அவருள் பலர் போரை நேருக்குநேர் கண்டது 1945இல், ஐராவதிக் கரையில். அவ்வாண்டு பிப்ரவரி 14ஆம் நாள் நியாங்-ஊ அருகே ஆங்கிலேயப் படை ஆற்றைக் கடந்தபோது, குர்பக்ஷ் சிங் தில்லானின் தலைமையிலான நேரு படைப்பிரிவு அங்கு நின்றது. மலாயாத் தமிழர் பலர் அதில் இருந்தனர். முதற்படகுகளைச் சுட்டு விரட்டியவரும் உண்டு. விமானமும் பீரங்கியும் சூழ்ந்த பின் சரணடைந்தவரும் உண்டு. பலரைக் குண்டுக்கு முன்பே மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பட்டினியும் கொன்றன.

வெற்றி நோக்கிச் செல்லும் படையில் இறப்பது ஒன்று. தோற்றுத் திரும்பும் வழியில் காய்ச்சலில் இறப்பது வேறொன்று. முன்னதற்கு நம்மிடம் சொல் உண்டு. பின்னதற்கு நம் நாவல் இன்னும் சொல் தேட வேண்டியுள்ளது. இரண்டாவது சாவில் வீரம் இல்லையெனக் கருதுவோமாயின், மடிந்தவருள் பெரும்பகுதியினரை நாமே களத்தில் விட்டுவிட்டு வந்தவராவோம்.

ஆவணங்களும் இவ்விளைஞனுக்குத் துணை நிற்கவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய புகழ்பெற்ற விசாரணையில் நின்ற ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் ஆகிய மூவரும் முன்னர் ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய அதிகாரிகள். அரசருக்கு எதிராகப் போர்தொடுத்தனர் என்னும் வழக்கு அவர்களுடைய ஒவ்வொரு செயலையும் எழுத்தில் பதித்தது. தோட்டத்திலிருந்து சென்றவன்மீது அத்தகைய வழக்கு இல்லை. அதனால் அவனைப் பற்றிய ஏடும் இல்லை. ஜான்சி ராணிப் படையிலும் இதே நிலையைக் காண்கிறோம். கேப்டன் லட்சுமி, ஜானகி ஆதி நாகப்பன் போன்ற கற்ற பெண்மணியரின் நினைவுகள் அச்சேறின. அப்படையில் திரளாக நின்ற தோட்டத்துப் பெண்களின் நினைவுகள் பெரும்பாலும் அவர்களோடு மறைந்தன. பின்னாளில் தோட்டத் துண்டாடலும், ரப்பர் அழிந்து செம்பனை வந்ததும், குடும்பங்கள் நகர் நோக்கிப் பெயர்ந்ததும் செவிவழி நினைவையும் சிதறடித்தன.

போஸின் மலாயா வாழ்வின் இறுதி நாள்கள் நெகிரி செம்பிலானோடு தொடர்புடையன. 1945 ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில், பயிற்சி முகாம் தொடர்பான பணிக்காகச் சிரம்பானில் தங்கியிருந்தபோதே ஜப்பான் சரணடையும் செய்தி அவருக்கு எட்டியது. அவருடன் பணியாற்றிய எஸ்.ஏ. ஐயர் இதனைத் தம் நூலில் விரிவாகப் பதிந்துள்ளார். தலைவர் அச்செய்தியை எங்கு, எப்போது கேட்டார் என்பதை நாம் அறிவோம். அதே சிரம்பானுக்கு அருகேயிருந்த தோட்டங்களில், போர் முடிந்தது என்னும் செய்தி கேட்டு வாயிலில் நின்ற தாய்மார் எத்தனை நாள் நின்றனர் என்பதை எழுதியவர் இலர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் கண்ட முடிவுகள் இவை. முதலாவது, இந்திய தேசிய இராணுவ வீரனை எழுதிய தமிழ் நாவல்களுள் கலைத்தரத்தால் உயர்ந்தவை கடைத்தெரு இளைஞனையே தலைவனாகக் கொண்டன. இரண்டாவது, மலேசிய நாவல் தோட்டத்து வீரனை மறக்கவில்லை. ஆயின் அவனை அறிவதற்கு முன்பே வாழ்த்திவிட்டது. மூன்றாவது, பசி, மானம், அச்சம், தோல்வி ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் தியாகம் யாருடைய தியாகமும் ஆகாது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. காக்கைபாடினியாரின் பாடலைக் கற்பிக்கும் வகுப்பிலேயே, மாணவர்தம் குடும்பங்களில் போருக்குச் சென்று திரும்பாதவர் எவரேனும் உண்டா எனக் கேட்கலாம். கிடைக்கும் பெயர், தோட்டத்தின் பெயர், சென்ற ஆண்டு, ஒரு பழைய நிழற்படம் ஆகியவற்றைத் தொகுக்கலாம். தோட்டப்பள்ளிப் பதிவேடுகளும் கோயில் கணக்குகளும் பல்கலைக்கழக ஆய்வு மாணவரின் கைகளுக்கு வரவேண்டும். இவை நாவலாகா. ஆயினும் கல்லைத் தேர்தலும் நாள் பார்த்தலும் நீராட்டலும் போன்ற முன்வேலைகள் இவையே. இவற்றைச் செய்து முடித்த ஒரு சமூகத்திலிருந்து, ரந்தாவ் லயத்திலிருந்து புறப்பட்ட இளைஞனைப் பெயர் சொல்லி அழைக்கும் நாவல் ஒருநாள் எழும். வாழ்த்துரை அதற்குப் பிறகு வரட்டும்.